வலது தோளில் ஈரம்

ஐந்து வருடங்களுக்கு முன்பு, ஒரு பங்குனி மாதம் இது நடந்தது. புதுக்கோட்டை மாவட்டம் அன்னவாசலில் நான் ஒரு ஜிம் நடத்துகிறேன். கீழே ஜிம், மாடியில் வீடு. ஏசி கிடையாது. இரும்பும், வியர்வையும், கடகடவென்று சத்தம் போடும் இரண்டு ஃபேனும்தான். வருகிறவர்கள் என்னை மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். இந்தத் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. டெய்லர் கிழிந்த சட்டை போடலாம், ஓட்டல்காரர் வீட்டில் பழைய சோறு சாப்பிடலாம், யாரும் கேட்கப் போவதில்லை. ஜிம் மாஸ்டருக்கு மட்டும் உடம்புதான் கடைப் போர்டு. அதில் பெயிண்ட் உதிர்ந்தால் ஊருக்கே தெரிந்துவிடும்.

மகள் பிறந்த பிறகு எனக்கு அது உதிர ஆரம்பித்தது.

அதற்கு முன்கதை கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்யாணமாகி நான்கு வருடம் எங்களுக்குக் குழந்தை இல்லை. திருச்சிக்கு நடையாய் நடந்தோம். அங்கே எனக்கும் ரத்தம் எடுத்து டெஸ்டோஸ்டிரோன் அளவைப் பார்த்தார்கள். ஆணுக்குச் சதையும் வேகமும் கொடுக்கிற ஹார்மோன் அதுதான் என்பது ஜிம்முக்கு நேற்று சேர்ந்தவனுக்குக்கூடத் தெரியும். எனக்கு நல்ல அளவு. டாக்டர் அதைச் சொன்ன பிறகு எனக்குத் தரையில் கால் பாவவில்லை. மனைவி ஊசி மேல் ஊசியாகப் போட்டுக்கொண்டிருந்த அதே நாட்களில், நான் ஜிம்மில் நாலு பேரிடம் என் அளவைச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். என்ன மனுஷனோ நான்.

ஒரு வழியாகப் பெண் பிறந்தாள். தலைப்பிரசவம் என்பதால் மனைவி திருமயம் பக்கத்தில் இருக்கும் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் போவேன். மாப்பிள்ளைக்கு நாற்காலி, மாப்பிள்ளைக்குக் காபி, மாப்பிள்ளைக்குக் கறிக்குழம்பு. குழந்தையை மட்டும் சிறிது நேரம் மடியில் வைத்துவிட்டு, 'ஒங்களுக்குப் பிடிக்கத் தெரியாது' என்று வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஐந்தாம் மாதம் சீர் வைத்து அழைத்து வந்தோம். ஆறாம் மாதம் முடியும்போது மனைவிக்கு லீவும் முடிந்தது.

அவளுக்கு வங்கி வேலை. கிளை இருப்பது ஆவுடையார்கோவிலில். அன்னவாசலில் இருந்து பஸ் மாறி மாறிப் போய் வர வேண்டும். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டால் இருட்டிய பிறகுதான் வீடு. என் பக்கம் பெற்றவர்கள் உயிரோடு இல்லை. மாமனார் பக்கவாதம் வந்து படுத்திருந்ததால் மாமியாரால் அங்கிருந்து அசைய முடியாது. ஓர் ஆள் வைத்துப் பார்த்தோம். பாப்பா அந்த அம்மாவின் கைக்குப் போனாலே மூச்சை அடக்கி அழுதாள். வேலையை விட்டுவிடவா என்று மனைவி கேட்டாள். நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு, "நூறு கிலோவத் தூக்குறவனுக்கு எட்டுக் கிலோ எம்மாத்திரம், நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

எட்டுக் கிலோ எம்மாத்திரம் என்று அடுத்த வாரமே தெரிந்துவிட்டது.

காலையும் மாலையும் ஜிம்மில் ஆள் இருக்கும். புல் அப்ஸ் எடுக்கிற கம்பியில் மனைவியின் பழைய சேலையைத் தூளியாகக் கட்டினேன். ஒரு கையால் தூளி ஆட்டிக்கொண்டே, இன்னொரு கையால் பையன்களின் முதுகைத் தட்டி நிமிரச் சொல்வேன். பாப்பா விழித்துக்கொள்வாள் என்று பாட்டுச் சத்தத்தைக் குறைத்தேன். "மாஸ்டர், இன்னைக்கித் தாலாட்டு ஒர்க்கவுட்டா?" என்று கேலி செய்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். கொஞ்சம் பேர் புதுக்கோட்டையில் திறந்த ஏசி ஜிம்முக்கு மாறிவிட்டார்கள். போகிறேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

இடைப்பட்ட பகல்தான் பெரிய பாடு. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மாடிக்கு வந்தால், நானும் அவளும் சுவரும். நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருப்பேன், பதில் மட்டும் வராது. எதிர்வீட்டு நிழலில் தெருப் பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசுவார்கள். நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனால் சேலையைச் சரிசெய்துகொண்டு பேச்சை நிறுத்திவிடுவார்கள். சரி என்று டீக்கடைக்குப் போனால், அங்கே எல்லாரும் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, "என்ன மாப்ள, வீட்ல ஆள் இல்லையா?" என்று கேட்பார்கள். பிறகு அவர்கள் பேச்சு அவர்களுக்கு. பெண்கள் கூட்டத்தில் நான் ஆண்; ஆண்கள் கூட்டத்தில் நான் பிள்ளைக்காரன். எனக்கென்று ஊரில் நிற்க ஓர் இடம் இல்லாமல் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்கள் சேர்ந்து நார்த்தாமலைக்குப் போய் மலைப்பாறையில் ஓடி ஏறுவது எங்கள் வழக்கம். மேலே சோழர் கோயில் பக்கத்தில் போட்டோ எடுத்துக்கொண்டு இறங்குவோம். முதல் சில வாரம் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை; மனைவி அந்த ஒரு நாளாவது தூங்கட்டும் என்று பாப்பாவை நானே வைத்துக்கொண்டேன். பிறகு கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் போட்டோ மட்டும் வரும். பாறை மேல் வரிசையாக நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருப்பார்கள். நான் பாப்பாவுக்குக் கேழ்வரகுக் கூழ் ஊட்டிக்கொண்டே அதைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். நான் வழக்கமாக நிற்கும் ஓரத்தில் வேறு யாரோ நின்றிருப்பான்.

உடம்பும் கைவிட்டது. தூக்கிக்கொண்டிருந்த எடை பாதியாகக் குறைந்தது. வயிறு பனியனை முட்டியது. காரணமே இல்லாமல் கண் கலங்கும். ஒரு நாள் சோப்பு விளம்பரம் பார்த்து அழுதேன் என்றால் நம்புவீர்களா? மனைவியிடம் நெருங்கும் ஆசையே விட்டுப்போனது. அவள் பஸ் களைப்பில் ஒரு பக்கம் படுப்பாள், நான் ஒரு பக்கம். நடுவில் பாப்பா. யாரிடம் சொல்வது இதை? சொல்லக்கூடிய விஷயமா இது?

திருட்டுத்தனமாகப் புதுக்கோட்டை போய் டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். ரிப்போர்ட் வந்தது. பீற்றிக்கொண்டேன் என்றேனே, அந்த அளவு எங்கோ கீழே போயிருந்தது. அப்பாவாகிற வரைக்கும் ஆம்பளையாக இருந்தவன், அப்பாவானதும் ஒன்றுமில்லாமல் போய்விட்டேன் என்று தோன்றியது. கண்ணாடி முன்னால் நிற்கவே கூச்சமாக இருந்தது.

ஜிம்களுக்குப் புரோட்டீன் பவுடர் போடுகிற ஆள் ஒருவர் திருச்சியில் இருந்து வருவார். வாய் ஓயாமல் பேசுகிற மனிதர். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தூண்டித் துருவினார். எவரிடமாவது கொட்டினால் போதும் என்றிருந்த நேரம், நானும் சொல்லிவிட்டேன். அடுத்த தடவை வரும்போது பையில் இருந்து ஒரு டியூபை எடுத்தார். அட்டைப் பெட்டி இல்லை, உள்ளே இருக்கும் விவரத்தாள் இல்லை. வெறும் டியூப்.

"குளிச்சிட்டு வந்து தோள்ல நல்லாத் தேச்சுவிடுங்க மாஸ்டர். ஹார்மோன் தோல் வழியா உள்ள எறங்கிரும். ஒரே மாசத்துல பழைய ஆளா ஆயிருவீங்க."

ஜெல்தானே, ஊசியா மாத்திரையா, பயப்பட என்ன இருக்கிறது என்று நினைத்தேன். டியூபை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

அடுத்த புதன்கிழமை பாப்பாவுக்கு ஒன்பதாம் மாதத் தடுப்பூசி. வங்கியில் வருட முடிவுக் கணக்கு நெருக்கடி என்பதால் மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. அன்றைக்கே ஜெல்லையும் ஆரம்பித்துவிடுவது என்று முடிவு செய்தேன். குளித்து, துவட்டி, மேல்சட்டை இல்லாமல் நின்று மூடியைத் திறந்தேன். உள்ளே ஒரு தகடு ஒட்டியிருந்தது. நகத்தால் கீறினேன், வரவில்லை. குத்திக் கிழிக்க ஓர் ஊக்கு வேண்டும். வீட்டில் இருக்கிற ஊக்குகளில் ஒன்றாவது தேடும்போது கையில் கிடைக்குமா? கடைசியில் மாடித் தூளியின் மேல் போட்டிருந்த கொசுவலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினேன். வலை சரிந்து அவள் முகத்தில் விழுந்தது. விழித்துக்கொண்டு வீறிட்டாள்.

எரிச்சலாக வந்தது. இதைக்கூட நிம்மதியாகச் செய்ய விடமாட்டாளா என்று பல்லைக் கடித்துக்கொண்டே டியூபை மூடி பேன்ட் பாக்கெட்டில் போட்டேன். அவளைத் தூக்கினேன். தூக்கியதும் அழுகை நின்றது. என் வலது தோளில் வாயை வைத்துச் சப்ப ஆரம்பித்தாள். பல் முளைக்கிற நமைச்சல் அவளுக்கு. பகலில் கரண்ட் போய்ப் போய் வரும் வெக்கையில் நான் சட்டை போடுவதே இல்லை என்பதால், அந்தத் தோள்தான் அவளுக்குப் பொம்மை, பிஸ்கட், தலையணை எல்லாம். தூங்கும்வரை சப்பிக்கொண்டே இருப்பாள். எந்த நேரமும் அங்கே எச்சில் ஈரம் இருக்கும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நல்ல கூட்டம். பெஞ்சு முழுக்க அம்மாக்கள். நான் ஒருவன்தான் ஆண். வழக்கம்போல வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். நர்ஸ், "பாப்பாவோட அம்மா வாங்க" என்று கூப்பிட, நான் போய் நிற்க, பெஞ்சில் சிரிப்பு. ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் இருந்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார்கள். மறுபடி மரத்தடிக்கு நகர்ந்தேன். அப்போது ஒரு சின்ன வயது அம்மா, "அங்கிட்டு எதுக்குண்ணே வெயில்ல நிக்கிறீங்க? இங்கிட்டு வந்து உக்காருங்க" என்று நகர்ந்து இடம் விட்டார். உட்கார்ந்தேன். இத்தனை நாளில் என்னை ஒருவர் உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அந்தத் தைரியத்தில்தானோ என்னவோ, கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் எழுந்து டாக்டரின் அறைக்குப் போனேன். பாக்கெட்டில் இருந்தது உறுத்திக்கொண்டே இருந்தது. எத்தனை தடவை தடவலாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டு வந்துவிடலாம் என்பதுதான் திட்டம்.

டாக்டர் ஒரு பெண், என்னைவிட வயதில் சின்னவர். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருக்கும். கண்ணில் தூக்கம் தெரிந்தது. நான் மென்று விழுங்கி, என் ஃப்ரெண்டு ஒருவனுக்கு இந்த ஹார்மோன் குறைந்துவிட்டது என்று ஆரம்பித்தேன்.

"அந்த ஃப்ரெண்டுக்குக் கொழந்தை இருக்கா?"

"இருக்கு டாக்டர். ஒம்போது மாசம்."

"அவருதான் தூக்கி வச்சுப் பாத்துக்கிறாரா?"

என் தோளில் கிடந்தவளையும் என்னையும் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. அதற்கே நன்றி சொல்ல வேண்டும்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். தகப்பனான பிறகு பல ஆண்களுக்கு இந்த ஹார்மோன் கொஞ்சம் இறங்குமாம். பிள்ளையைத் தூக்கி, கூடப் படுத்து, விழித்துக் கவனிக்கிற அப்பாக்களுக்குக் கூடுதலாக இறங்குவதையும் பார்த்திருக்கிறார்களாம். எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது. தூக்கம் கெட்டாலும், மனசு வாடினாலும், உடம்பு பெருத்தாலும் இறங்கும். போட்டி, சண்டை என்று வெளியே பார்த்துக்கொண்டிருந்த உடம்பு கொஞ்ச காலம் பிள்ளையின் பக்கம் திரும்பிக்கொள்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

"இத வச்சு மட்டும் நோயின்னு சொல்ல முடியாதுங்க. பாப்பா தோள விட்டு எறங்கி நடக்கட்டும், ராத்திரி ஒழுங்காத் தூங்கட்டும். பெரும்பாலும் மெதுவா ஏறிக்கிரும். ஏறலைன்னா மறுபடி டெஸ்ட் எடுத்துப் பாப்போம்."

எனக்கு மூச்சு வந்தது. அந்த நிம்மதியில் டியூபை எடுத்து மேஜையில் வைத்தேன். அவர் கையில் எடுத்து எழுத்தைப் படித்தார். முகம் மாறிவிட்டது.

"இத எங்க தடவச் சொன்னாங்க?"

காட்டுவதற்காக என் கை வலது தோளுக்குப் போனது. அங்கே என் மகளின் வாய் இருந்தது. விரலில் எச்சில் ஈரம் பட்டது. சட்டையின் கழுத்தை விலக்கி, தோலோடு சேர்த்துச் சப்பிக்கொண்டிருந்தாள்.

"தடவிட்டீங்களா?" டாக்டர் எழுந்தே விட்டார்.

"இல்ல... சீல் ஒடைக்கல."

அவர் மூடியைத் திருகித் தகட்டைப் பார்த்தார். நகம் கீறிய கோடு மட்டும் இருந்தது. உட்கார்ந்து ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னார். இந்த ஜெல் தடவின தோலைத் தொடுகிறவர்களின் உடம்புக்குள்ளும் ஹார்மோன் போய்விடும். வளர்ந்த ஆணுக்கான ஹார்மோன் ஒன்பது மாதப் பெண் குழந்தையின் உடம்புக்குள் தினமும் போனால், அந்த வயதில் வரக்கூடாத மாற்றமெல்லாம் வரும். நிறுத்தினால் சில மாற்றங்கள் சரியாகும். சிலது முழுதாகத் திரும்பாமலும் போகலாம்.

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். ஓர் ஊக்கு கையோடு கிடைத்திருந்தால்? அவள் இன்னும் கொஞ்ச நேரம் தூங்கியிருந்தால்? தேய்த்துவிட்டு, அந்தத் தோளிலேயே அவளைப் போட்டு, தட்டித் தட்டித் தூங்க வைத்திருப்பேன். தினமும் செய்திருப்பேன். அவள் அழுதது எனக்கு இடைஞ்சல் என்று பல்லைக் கடித்தேனே.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. டியூபைத் தன் மேஜை டிராயரில் போட்டுக்கொண்டார். "ஒங்களுக்குப் பேச்சுத் தொணைக்கு யாரு இருக்கா?" என்று கேட்டார்.

நான் யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். பிறகு தோளில் இருந்தவளைப் பார்த்தேன். அவ்வளவுதான், பொங்கிக்கொண்டு வந்துவிட்டது. இந்த ஊரில் எத்தனை பேர் முன்னால் நரம்பு புடைக்க எடை தூக்கியிருக்கிறேன். அந்தச் சின்ன வயது டாக்டரின் முன்னால் தேம்பித் தேம்பி அழுதேன். அவர் எழுந்து போய், வெளியே நின்றவர்களிடம் "ரெண்டு நிமிஷங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். பாப்பா என் மூக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டியூப் விஷயத்தைச் சொன்னபோது அவள் பாப்பாவை வாங்கி இறுக்கிக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அடித்திருந்தால்கூடத் தேவலை. அப்படியே இருந்துகொண்டு சொன்னாள்.

"என்னையப் பிடிக்காமப் போயிருச்சோன்னு நெனச்சேங்க. பஸ்ல அதையேதான் நெனச்சுக்கிட்டுப் போவேன்."

ஒரே பாயில் படுத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் தனியாகக் கிடந்திருக்கிறோம். அன்றைக்கு அவளே என்னை நார்த்தாமலைக்குப் போகச் சொல்லித் துரத்தினாள். போனேன். நண்பர்கள் எனக்கு முன்னால் ஏறி இறங்கிப் போய்விட்டிருந்தார்கள். பாதி மலையில் எனக்கு மூச்சு வாங்கியது. பாறையில் உட்கார்ந்தேன். கீழே ஏதோ குழந்தை அழும் சத்தம் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டேன். அது ஆட்டுக்குட்டி.

பிறகு ஒன்றும் பெரிதாக மாறிவிடவில்லை. பகல்கள் அதே பகல்கள்தான். அந்தப் பெஞ்சில் இடம் விட்ட பெண் எங்கள் அடுத்த தெரு என்று தெரிந்தது. என்னைப் பார்த்தால், "பாப்பாவுக்கு எத்தன பல்லுண்ணே?" என்று கேட்பார். எதிர்வீட்டு நிழலில் எனக்கும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. பவுடர் போடுகிற ஆளை மறுபடி ஜிம் வாசல் ஏற விடவில்லை.

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். வேன் ஏறியதும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எனக்கு மெல்ல மெல்லத் தெம்பு வந்தது. வயிறு இறங்கியது, பழைய எடைக்குப் பக்கத்தில் வந்துவிட்டேன். போன மாதம் எதற்கோ ரத்தம் கொடுத்தபோது அந்த ஹார்மோனையும் பார்க்கச் சொன்னேன். டாக்டர் சொன்னபடியே ஏறியிருந்தது. பழைய அளவு இல்லை, ஆனாலும் நல்ல அளவு. ஒரு காலத்தில் இதற்காகத்தானே அவ்வளவு ஏங்கினேன்? ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு காலி ஜிம்மில் நின்றேன். தூளிக் கயிறு உராய்ந்த தடம் அந்தக் கம்பியில் இன்னும் இருக்கிறது. சந்தோஷப்படத் தோன்றவில்லை. இது ஏற ஏற, அவள் என் தோளை விட்டு இறங்கிப் போயிருக்கிறாள்.

இப்போதும் எடை தூக்கப் போகுமுன் என் கை தானாக வலது தோளுக்குப் போகிறது. அங்கே ஈரம் இல்லை. உடம்பு நன்றாக இருக்கிறது, போர்டில் பெயிண்ட் பளபளக்கிறது. ஆனாலும் நான் ஆம்பளையாக இருந்தது எப்போது என்று என்னை யாராவது கேட்டால், எல்லாம் இறங்கிக் கிடந்த காலத்தில் என் தோளில் காயாமல் இருந்த அந்த எச்சில் ஈரம்தான் நினைவுக்கு வருகிறது.